ஸ்போர்ட்ஸ் காரின் டயரும் காற்றழுத்தமும்: வேலூர் வட்டாரத்தில் ஓட்டுபவருக்கு ஒரு வழிகாட்டி

1,200 கிலோ எடையுள்ள சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, நான்கு டயர்களிலும் 32 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு; பேச்சில் ‘பவுண்டு’ என்றே சொல்வோம்) காற்றோடு சமதரையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 135 சதுர சென்டிமீட்டர்தான். விரல்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கையளவு. எஞ்சினின் விசையும் பிரேக்கின் பிடியும் ஸ்டியரிங்கின் கட்டளையும் அந்த நான்கு கையளவு ரப்பர் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேர முடியும். வேலூரிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் வேகமான கார் வாங்கும் இளைஞர்கள் முதலில் எக்ஸாஸ்டையும் ரிம்மையும் மாற்றுகிறார்கள். டயரின் காற்றைத் தாங்களே அளந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் காரின் நடத்தையை வேறு எதைவிடவும் குறைந்த செலவில், வேறு எதைவிடவும் தெளிவாக மாற்றக்கூடியது அந்தக் காற்றுதான் என்பதைப் பல ஆண்டுகள் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

காற்று செய்யும் வேலை

காரின் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்றே. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ரிம் முதலில் திரும்புகிறது; தரையைப் பற்றியிருக்கும் ரப்பர் சற்றுத் தாமதித்து, முறுக்கிக்கொண்டு பின்தொடர்கிறது. சக்கரம் நோக்கும் திசைக்கும் கார் உண்மையில் போகும் திசைக்கும் இடையே இப்படி உண்டாகும் சிறு கோணத்தால்தான் காரை வளைவுக்குள் இழுக்கும் பக்கவிசை பிறக்கிறது. காற்று குறைந்திருந்தால் டயரின் பக்கச்சுவர் முதலில் வளைந்து கொடுத்து, அதன் பிறகே கார் திரும்பும். கையில் அது ஒரு தொய்வாக, களிமண்ணைப் பிசைவது போன்ற உணர்வாகத் தெரியும். காற்று கூடுதலாக இருந்தால் ஸ்டியரிங் சட்டென்று பதில் சொல்லும், ஆனால் தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, டயரின் நடுப்பகுதி மட்டும் உழைக்கும். மேடுபள்ளத்தில் சக்கரம் தரையைத் தழுவிச் செல்லாமல் எம்பி எம்பி விழும், அப்படி எம்பும் ஒவ்வொரு கணமும் பிடி இல்லாத கணம்.

ஆகவே காற்றழுத்தத்துக்கும் பிடிக்கும் உள்ள உறவு நேர்க்கோடு அல்ல, ஒரு குன்றின் வடிவம். உச்சிக்கு இந்தப் பக்கம் இருப்பவர் இரண்டு பவுண்டு கூட்டினால் பிடி ஏறும். அந்தப் பக்கம் இருப்பவர் அதே இரண்டு பவுண்டைக் கூட்டினால் பிடி இறங்கும். நண்பர்கள் இருவர் ஒரே மாற்றத்தைச் செய்துவிட்டு எதிரெதிர் முடிவுகளைச் சொல்லி வாதிடுவதற்கு இதுவே காரணம்; இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

இதைவிட முக்கியமானது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு. வளைவில் முன்டயர்கள் முதலில் பிடியை இழந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பியிருந்தும் கார் வெளிப்புறமாகவே நேரே போகும். பின்டயர்கள் முதலில் இழந்தால் வால் வீசிக் கார் சுழலும். இந்தச் சமநிலையைக் காற்றழுத்தத்தாலேயே தீர்மானிக்க முடியும் என்பதற்குப் பழைய சான்று, 1960 மாடலாக வந்த ஷெவர்லே கோர்வேர். எஞ்சின் பின்னால் இருந்த அந்தக் காருக்கு முன்டயரில் 15 பி.எஸ்.ஐ., பின்டயரில் 26 பி.எஸ்.ஐ. என்று தயாரிப்பாளரே விதித்திருந்தார். முன்டயரை வேண்டுமென்றே தொய்வாக வைத்து, பின்பக்கம் வீசிவிடாமல் காப்பதே அதன் நோக்கம். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு காற்று அடிக்கும் பழக்கம் எத்தகைய கேட்டைத் தரும் என்பதை அந்தக் காரின் ஓட்டுநர்கள் பலர் சாலையில் கற்றார்கள். எஞ்சினைப் பின்னால் சுமக்கும் போர்ஷே 911 காரிலும், 1990களின் பிற்பகுதியில் வந்த தலைமுறைக்கு முன்னால் 36, பின்னால் 44 என்ற அளவு விதிக்கப்பட்டிருந்தது. காற்றுப் பிடிக்கும் இடத்தில் “நாலுலயும் முப்பத்தஞ்சு போடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்பவர், பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்து அமைத்த சமநிலையை ஒரு நிமிடத்தில் கலைத்துவிடுகிறார்.

வெயிலும் ‘குளிர்ந்த டயர்’ என்ற சொல்லும்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் முன், பின் அழுத்தங்கள் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். டயரின் பக்கச்சுவரில் 44 அல்லது 51 என்று பொறித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவே தவிர, நாம் அடிக்க வேண்டிய அளவு அல்ல. தூணில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. கார் குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. வேலூரில் இதற்கு உகந்த நேரம் சூரியன் எழுவதற்கு முன்தான். காலை பத்து மணிக்கு வெயில் படும் பக்கத்து டயர்கள் நிழல் பக்கத்து டயர்களைவிட இரண்டு பவுண்டு வரை கூடக் காட்டுவதைச் சத்துவாச்சாரியில் என் வீட்டு வாசலிலேயே பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன்.

வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால், இந்த அளவுக் காற்றில் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். 20 டிகிரி இருக்கும் மார்கழி விடியலில் 32 வைத்த டயர், ஓடாமல் நின்றபடியே 42 டிகிரிச் சித்திரை வெயிலில் 35-ஐத் தாண்டிவிடும். இதன் மறுபக்கமே ஆபத்தானது. ஒரு கோடையில், பிற்பகல் இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து, டயர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது, ஒரு கடையில் காற்றுப் பார்த்தேன். 37 காட்டியது. “வெயில் காலம் சார், கூட இருந்தா வெடிச்சிரும், முப்பத்திரண்டுக்கு இறக்கிடறேன்” என்றார் கடைக்காரர். நானும் சரியென்று தலையசைத்தேன். மறுநாள் விடியற்காலை கணியம்பாடி வழியாக அமிர்தி நோக்கிப் போனபோது, நன்கு தெரிந்த ஒரு வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்துச் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரே வண்டி வரவில்லை. வீட்டுக்கு வந்து, ஆறவிட்டு அளந்தபோது நான்கிலும் 27 இருந்தது. 60 டிகிரிச் சூட்டில் 32 ஆக்கப்பட்ட காற்று 25 டிகிரியில் 27 ஆகும் என்பது பள்ளி இயற்பியல். அதை நான் கடையில் நினைத்துப் பார்க்கவில்லை.

வெயில் காலத்தில் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடும்போது ஏறும் நாலைந்து பவுண்டைக் கணக்கில் கொண்டே தயாரிப்பாளர் குளிர்ந்த அளவை விதிக்கிறார். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவரை அதிகமாக மடித்து விரிக்கிறது; அந்த மடிப்பே உள்ளிருந்து சூட்டைக் கிளப்புகிறது. பள்ளிகொண்டாவிலிருந்து வாணியம்பாடி வரை நண்பகலில் வேகமாகப் போகும் காரில் டயர் வெடிப்பதற்குக் கூடுதல் காற்றைவிடக் குறைந்த காற்றே பெரும்பாலும் காரணமாகிறது. சூடான டயரை ஒருபோதும் குளிர்ந்த அளவுக்கு இறக்காதீர்கள்.

டயரில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படுவதால் ஒரு சொல். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். கடையில் அடிக்கும் நைட்ரஜன் ஈரமில்லாத வாயு என்பதால் அழுத்தம் சற்றுச் சீராக இருக்கும். வெப்பத்தால் ஏறாது என்பது தவறு.

டயரைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு டயர் காரின் குணத்தையே மாற்றிவிடும் என்பதற்கு 2012-இல் வந்த டொயோட்டா ஜிடி86 நல்ல எடுத்துக்காட்டு. பின்சக்கரங்களால் ஓடும் அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு, எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற பிரியஸ் காரிலும் பயன்பட்ட மிஷலின் பிரைமசி டயரையே 215/45 ஆர் 17 அளவில் மாட்டி விற்றார்கள். பிடி குறைவாக இருந்தால் மிதமான வேகத்திலேயே காரின் சமநிலையை ஓட்டுநர் உணர்ந்து ரசிக்க முடியும் என்பது அவர்கள் எண்ணம். அதிகப் பிடி எப்போதும் அதிக இன்பம் ஆகாது என்ற இந்தப் பாடத்தை, டயர் வாங்கும் முன் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

அளவைப் படிக்கும் முறை எளிது. 205/55 ஆர் 16 என்றால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 16 அங்குலம். மொத்த விட்டம் 632 மில்லிமீட்டர் வரும். இதையே 225/45 ஆர் 17 ஆக்கினால் 634. வேகமானியும் கியர் விகிதமும் ஏறக்குறைய மாறாது. ஆனால் பக்கச்சுவர் 113 மில்லிமீட்டரிலிருந்து 101 ஆகக் குறைகிறது. ஸ்டியரிங் கூர்மை பெறும் என்பது உண்மை. கூடவே, மழையில் பெயர்ந்த உள்சாலைகளிலும் பூச்சுப் பூசாத வேகத்தடைகளிலும் ரிம் அடிபடும் வாய்ப்பும், அகன்ற டயர் சாலையின் தடங்களைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இழுக்கும் தொல்லையும், சக்கரத்தின் எடை கூடுவதால் சஸ்பென்ஷன் தடுமாறும் குறையும் சேர்ந்து வரும். வேலூர் நகருக்குள்ளும் காட்பாடிக்கும் தினமும் ஓடும் காருக்கு, தயாரிப்பாளர் கொடுத்த ரிம்மில் அதே அளவில் உயர்தர ரப்பர் வாங்குவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ரிம்முக்குச் செலவழிக்கும் பணத்தை டயருக்குச் செலவிடுங்கள்.

அளவை அடுத்து வரும் எண் பாரக் குறியீடு: 84 என்றால் 500 கிலோ, 91 என்றால் 615 கிலோ. அதன் பின் வரும் எழுத்து வேகக் குறியீடு: வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர். நம் சாலையில் அந்த வேகத்துக்கு இடமே இல்லையே என்று குறைந்த எழுத்தை வாங்கிவிடக் கூடாது. அந்த எழுத்து டயரின் வெப்பம் தாங்கும் திறனுக்கும் ஓர் அடையாளம், நம் ஊரில் அந்தத் திறனுக்கு வேலை மிகுதி. தேய்மான எண் 200 என்றிருந்தால் மென்மையான, பிடி மிகுந்த, விரைவில் கரையும் ரப்பர்; 400-க்கு மேல் என்றால் நீண்ட நாள் உழைக்கும் ரப்பர். இந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே தருவதால், ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட மட்டுமே அதை நம்பலாம். குளிர்நாடுகளுக்கான ‘எல்லாப் பருவ’ டயர் நமக்குத் தேவையில்லை; கோடைக்கால ரப்பர் இறுகத் தொடங்கும் 7 டிகிரிக் குளிர் ஏலகிரி உச்சியிலும்கூட ஓட்டும் நேரத்தில் நமக்கு வாய்க்காது.

வயதைக் கட்டாயம் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் வார்த்தது. வட ஆர்க்காட்டில் அரக்கோணத்திலேயே எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருக்கிறது என்றாலும், கடையின் அடுக்கில் ஒரு டயர் எத்தனை மாதம் கிடந்தது என்பதை அந்த எண்தான் சொல்லும். ஸ்போர்ட்ஸ் கார்கள் ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடுவதால், பட்டன் ஆழமாக இருந்தும் ரப்பர் வெயிலில் இறுகி, மொட்டை டயரைவிட மோசமாக வழுக்கும் நிலை வரும். ஆறு ஆண்டு கடந்த டயரில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதியாவிட்டால் மலைக்கு அதைக் கொண்டு போகாதீர்கள். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால், முன்சக்கர இயக்கக் காராக இருந்தாலும், அளவு ஒன்றாக இருந்தால் புதியவற்றைப் பின்னால் மாட்ட வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீளலாம், ஈரச் சாலையில் வால் வீசினால் பெரும்பாலோரால் மீள முடியாது. ஒரே அச்சில் இரு வேறு டயர்கள் கூடவே கூடாது.

மழை

ஐப்பசி, கார்த்திகையில் சாலையில் நீர் தேங்கும்போது, டயர் நீரைப் பிளக்க முடியாமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் ஒன்று உண்டு. 1960களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கண்ட விதிப்படி, அந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தேய்ந்த டயருக்கு 32 பி.எஸ்.ஐ.யில் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். 26-இல் சுமார் 85. கார் டயருக்கு இது தோராயமே என்றாலும், மழையில் காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்ற நம்பிக்கைக்கு நேர் எதிரானது. டயர் பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் உயரக் குறியை ரப்பர் தொட்டுவிட்டால் மாற்ற வேண்டும் என்பது விதி. அகன்ற டயர் போட்டிருப்பவர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

சரியான அளவைக் கண்டுபிடித்தல்

சொந்தமாக ஒரு நல்ல அளவுமானி வாங்குங்கள். கடைக்குக் கடை மானிகள் இரண்டு மூன்று பவுண்டு வேறுபடும். உங்கள் மானி சற்றுத் தவறாகவே காட்டினாலும், எப்போதும் அதே தவறைக் காட்டுவதால் ஒப்பீட்டுக்கு உதவும். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் சிறு பம்பும் ஒரு நோட்டும் வேண்டும். முதல் வாரம் தூண் தாளில் உள்ள அளவிலேயே ஓட்டி, கார் எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். அதன் பின் ஒரு நேரத்தில் ஒரு அச்சில் மட்டும், ஒரு பவுண்டு அல்லது இரண்டு பவுண்டு கூட்டிப் பாருங்கள். முன்சக்கர இயக்கமும் கனமான மூக்கும் உள்ள காரில் முன்டயரில் இரண்டு பவுண்டு கூட்டினால் பெரும்பாலும் ஸ்டியரிங் விழித்துக்கொள்ளும். பொதுச்சாலையில் தாளின் அளவுக்குக் கீழே ஒருபோதும் இறங்க வேண்டாம். இரண்டு மூன்று பவுண்டுக்கு மேல் கூட்டவும் வேண்டாம்.

முன்பு சொன்ன பிடிக் குன்றின் எந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதை ஒரு சாக்பீஸ் சொல்லும். டயரின் ஓரத்தில், தரைப்பரப்பு முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், மூன்று இடங்களில் குறுக்கே கோடு போடுங்கள். வளைவுகளில் ஓட்டித் திரும்பிய பின் கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்கி உருள்கிறது, காற்று போதாது. தரைப்பரப்பின் ஓரத்திலேயே கோடு அழியாமல் நின்றால் காற்று அதிகம். பல டயர்களில் அந்த இடத்தில் சிறு முக்கோணக் குறி இருக்கும். அழிவு அதன் நுனியைத் தொட்டு நிற்பது சரியான அளவு.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் இந்தப் பக்கத்தவருக்குப் பழக்கமானவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி ஒன்றரை பவுண்டு வரை கூடக் காட்டும், குளிர்ச்சி ஒரு பவுண்டு குறைக்கும். ஆகவே மலைக்கென்று தனி அளவு வேண்டாம். இறங்கும்போது பிரேக்கின் சூடு ரிம் வழியாக டயருக்குள் ஏறும் என்பதால் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பேருந்தும் இருசக்கர வண்டியும் எதிரே வரும் அந்தச் சாலையில் டயரின் எல்லையைத் தேடுவது கூடவே கூடாது. ஸ்டியரிங்கின் பதிலையும் பிரேக்கின் நிதானத்தையும் கவனிக்க மிதமான வேகமே போதும்.

எல்லையைத் தேட விரும்புபவருக்கு, வேலூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டரில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது, சுற்று 3.7 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேரும்போது டயர் சூடாக இருக்கும் என்பதால், வீட்டிலேயே விடியலில் அளந்து எழுதிக்கொண்டு புறப்படுங்கள். தடத்தில் சில சுற்றுகளிலேயே ஐந்தாறு பவுண்டு ஏறும். அங்கு மட்டும் சூடான அளவே கணக்கு. ஓடி நின்றவுடன் நான்கையும் அளந்து, ஏறியதைச் சமமாக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். வளைவுகள் ஒரு பக்கம் மிகுந்திருந்தால் எதிர்ப்பக்க டயர்கள் அதிகமாகச் சூடேறும். ஊசி வெப்பமானி கிடைத்தால் டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் குத்திப் பாருங்கள்: நடுப்பகுதி மட்டும் சூடு மிகுந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களும் மிகுந்தால் குறைவு, ஒரு ஓரம் மட்டும் மிகுந்தால் குறை காற்றில் இல்லை, சக்கரங்களின் கோண அமைப்பான அலைன்மென்டில்.

தடத்தில் இறக்கிய காற்றோடு நெடுஞ்சாலைக்குத் திரும்பக் கூடாது. டயர் ஆறும் வரை நிழலில் நிறுத்தி, பம்பால் காலையில் எழுதிய அளவுக்கு மீண்டும் ஏற்றி, வால்வு மூடிகள் நான்கையும் திருகிவிட்டு, அதன் பிறகு வேலூருக்குப் புறப்படுங்கள். மறுநாள் விடியலில் ஒருமுறை அளந்து, அந்த எண்ணையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஏதேனும் ஒரு டயர் மட்டும் இரண்டு பவுண்டு குறைந்திருந்தால், தடத்தின் விளிம்பில் ஏறி இறங்கியபோது ரிம் அடிபட்டிருக்கிறதா என்று சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும்.